கண்ணீர் எடுப்பவள்

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. காலை நாலு ஐம்பதுக்கு எழுந்தேன். எங்கள் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் விடும் முறை அன்று இல்லை. முந்தின முறை பிடித்ததில் இரண்டு குடம் மிச்சம் இருந்தது. ஐந்தரைக்குக் காபி. ஆறே காலுக்குள் சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் முடிந்தன. ஏழு பத்துக்கு வீட்டைப் பூட்டினேன். ஏழு நாற்பதுக்குக் கம்பெனியில் தொப்பியை மாட்டி, வளையலைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, அடியில் குழல்விளக்கு எரியும் கண்ணாடி மேசையின் முன் நின்றேன். முதல் ரோல் மேசைமேல் ஓடியது. ஆஸ்பத்திரியில் காயத்துக்கு வைத்துக் கட்டும் வலைத்துணி அது. காஸ் துணி என்போம். முடி இல்லை, எண்ணெய் இல்லை, கறை இல்லை. பதிவேட்டில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்து நான்கு வருடமாக என் காலை இப்படித்தான் தொடங்குகிறது. அன்று ஒன்று மட்டும் வேறு. என் பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், பாலித்தீன் உறையில் சுற்றி, நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தது. பதின்மூன்று வயதில் நான் எழுதியது. சாயங்காலம் அதை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோக வேண்டும். அக்கா கேட்டிருந்தாள்.

அக்கா என்பது என் பெரியம்மா மகள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவள் பெயரைச் சொன்னால் இதை வாசிக்கிற எல்லாருக்கும் ஒரு முகம் தெரிந்துவிடும், அதனால் சொல்லவில்லை. என் பெயரைச் சொன்னால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அதனால் அதையும் சொல்லவில்லை.

அந்த நோட்டு ஒரு கோடை விடுமுறையில் எழுதப்பட்டது. ஊரில் கிணறுகளெல்லாம் அடி தட்டிவிட்ட வருடம். பெரியம்மா வீட்டு வாசலில் குடங்களை வரிசையில் போட்டுவிட்டு, நகராட்சித் தண்ணீர் லாரி வருகிறவரை நாங்கள் இருவரும் மாடியில் உட்கார்ந்து சினிமா எடுப்போம். காகிதத்தில்தான். கதையை நான் சொல்வேன், அவள் நடித்துக் காட்டுவாள். அந்த வருடம் நான் சொன்ன கதை இது. உலகத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கண்ணீரும் தண்ணீர்தான் என்பதால் அது அரசாங்கத்துக்குச் சேர வேண்டியது. ஒளித்து அழுவது குற்றம். தினமும் காலையில் ஓர் அதிகாரி தெருத்தெருவாக வருவாள். எந்த வீட்டில் துக்கமோ அந்த வீட்டில் போய் உட்காருவாள். அழுகிறவர்கள் கன்னத்தில் துணியை ஒற்றி, நனைந்த துணியைத் தராசில் நிறுத்து, பெட்டியில் பூட்டிக் கொண்டுபோய்விடுவாள். ஒரே ஒருத்தி மட்டும் அழமாட்டாள். அவளை அழவைக்க அரசாங்கம் என்னென்னவோ செய்யும். கடைசிவரை அவள் அழமாட்டாள். துணி என்று நான் நினைத்தது காஸ் துணியை. இராஜபாளையத்துப் பிள்ளைக்கு வேறென்ன துணி தோன்றும்?

கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, இடப்பக்கம் வேஷம், வலப்பக்கம் ஆள் என்று எழுதியிருந்தேன். அதிபர்: தண்ணீர் லாரி டிரைவர். அவர் ஹாரன் அடித்தால் தெருவே ஓடியது. அதைவிடப் பெரிய அதிகாரத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. தராசு பிடிப்பவர்: ரேஷன் கடையில் எடை போட்ட பெரியப்பா. சிறை அதிகாரி: எங்கள் கணக்கு டீச்சர். கண்ணீர் எடுப்பவள்: அக்கா. அழாதவள்: நான்.

அக்கா சண்டைக்கு வந்தாள். "ஏட்டி, அழாதவதான ஹீரோயினி? நடிக்கது நான். அதை எனக்குக் குடு."

"நீ நெனச்சா அழுதுருவ. ஒனக்கு அது சேராது."

அது உண்மை. பத்து எண்ணுவதற்குள் அவளால் அழ முடியும். எந்தக் கண்ணில் முதலில் வர வேண்டும் என்று கேட்டுவிட்டு அழுவாள். "கதை என்னோடது, நோட்டும் என்னோடது" என்றேன். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. மூன்றாம் நாள் லாரி வந்த அவசரத்தில் பேசிவிட்டோம்.

கல்லூரி நாடகத்தில் பார்த்துச் சினிமாக்காரர்கள் அவளைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டார்கள். முதல் படத்தில் கதாநாயகனின் தங்கை. மொத்தம் நான்கு நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்து டைரியில் எழுதினேன். அடுத்த மூன்று படங்களிலும் தங்கைதான், மூன்றிலும் இடைவேளைக்குள் செத்துப்போனாள். ஒவ்வொரு முறையும் பெரியம்மா தியேட்டரிலிருந்து வந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் போனாள். பிறகு அக்கா நாயகியானாள், பிறகு அண்ணியானாள், பிறகு தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஐந்து வருடம் மாமியாராக இருந்தாள். இனி அவ்வளவுதான் என்று எல்லாரும் சொன்னபோது, நாற்பதுக்கு மேல், சின்னச் சின்னப் படங்களில் திடீரென்று வேறு ஒருத்தியாக வந்து நின்றாள். பத்திரிகைகள் முழுப்பக்கம் எழுதின. அந்தப் படங்களை நான் இரண்டு முறை, மூன்று முறை பார்த்தேன். பெரியம்மா கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி முடி முடிவது ஒரு படத்தில் வந்தது. எதிர்வீட்டு டெய்லர் மனைவி சிரித்துக்கொண்டே முந்தானையால் வாயை மூடுவது இன்னொன்றில். ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துத் தேதியோடு குறித்து வைத்தேன். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் அவர்களிடம் கேட்டாளா என்று யோசிக்கவில்லை. மாநில விருது வாங்கிய வருடத்தில்தான் அவளை 'நீ' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நான் 'நீங்க' என்று மாறினேன். யாரும் மாறச் சொல்லவில்லை. வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை.

இனி என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பத்தொன்பது வயதில் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். சேர்ந்த ஏழாம் வாரம், துணியில் ஒரு முடியைக் கவனிக்காமல் விட்டதற்காக சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டினார். குனிந்தபடி வேலையைத் தொடர்ந்தேன். இரண்டு சொட்டு விழுந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை. நீராவியில் கிருமி நீக்கி எடுத்தபோது அந்த இரண்டு சொட்டும் மஞ்சள் வளையமாகத் தெரிந்தன. ரோல் முழுவதும் கழிவுக்குப் போயிற்று. சூப்பர்வைசர் அந்த இடத்தை உள்ளங்கையளவு வெட்டி எடுத்து, வேலைக்கு வந்த நேரம் பதிய நாங்கள் அட்டை தேய்க்கும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகையில் குண்டூசியால் குத்தினார். அடியில் என் பெயரை எழுதினார். "அழணும்னா கக்கூசுல போயி அழுதுட்டு வா. துணி மேல அழாத" என்றார். ஒரு மாதம் அது அங்கே தொங்கியது. வருகிற போகிற எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அட்டை தேய்த்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் மேசைப் பெண்கள் எல்லாரும் செய்வதை நானும் பழகிக்கொண்டேன். கண் கலங்கினால் உடனே அண்ணாந்து விடுவது. கூரையைப் பார்த்தபடி இருபது எண்ணினால் வந்தது உள்ளேயே போய்விடும். இருபது வருடம் இதைச் செய்தால் எண்ண வேண்டிய தேவைகூட இருக்காது; கழுத்தே பார்த்துக்கொள்ளும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்த என் கணவர் கொல்லையில் உட்கார்ந்தார், எழவில்லை. நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஐம்பது வயது ஆகவில்லை. பிற்பகல் இரண்டு இருபதுக்கு அக்கா மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கினாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தி அவளுக்கு வழி விட்டார்கள். அவள் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். பார்த்தவர்கள் எல்லாரையும் அழவைத்தாள். நான் தலைமாட்டில் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை என்பதல்ல. வந்தது. ஆனால் கீழே அவர்மேல் போர்த்தியிருந்தது புது வெள்ளை வேட்டி. வெள்ளைத் துணிக்கு முன்னால் குனிந்து அழ என் கழுத்துக்குத் தெரியவில்லை. அது அண்ணாந்துகொண்டது. உத்தரத்தைப் பார்த்தபடி, அவரை வீட்டிலிருந்து எடுக்கும்வரை, அப்படியே நின்றேன்.

"கட்டுனவ கல்லு மாதிரி நிக்கா. பெரியம்மா மகளுக்கு இருக்க துக்கம் இவளுக்கு இல்லியே" என்று வாசலில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அக்காவும் கேட்டிருப்பாள். அழுகைக்கு நடுவில் ஒரு தடவை அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைய டைரியில், 'அக்கா வந்தாள். அழுதாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்' என்று எழுதியிருக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து அந்தப் படம் வந்தது. அவளுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். மேசைப் பெண்கள் ஆறு பேரோடு இராஜபாளையம் தியேட்டரில் மாலைக் காட்சிக்குப் போயிருந்தேன். இரண்டாம் பாதியில் அக்காவின் கணவனாக நடித்தவர் இறந்து கிடக்கிறார். அக்கா தலைமாட்டில் நிற்கிறாள். சுற்றிலும் அழுகை. அவள் முகம் மெல்ல அண்ணாந்து போகிறது. கண்ணில் நீர் நிரம்பி, விழாமல், நிரம்பியபடி நிற்கிறது. நாற்பத்தோரு விநாடி. பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"எக்கா, அது நீயில்லா?"

"சும்மா படத்தைப் பாரு."

"அவிய நடிக்காவ. நீ சும்மா நின்ன. அம்புட்டுத்தான் வித்தியாசம்" என்றாள்.

நன்றாகத்தான் நடித்திருந்தாள். நான் நின்றதைவிட நன்றாக நின்றாள் என்றுகூடச் சொல்வேன். அதனால்தான் அதை மன்னிக்க முடியவில்லை. மோசமாக நடித்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த அண்ணாந்த முகம் கடவுளிடம் கேட்ட கேள்வி என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். நான் அன்று கடவுளிடம் எதுவும் கேட்கவில்லை. என்னைக் கல் என்று பேசிய அதே பெண்கள், திரையில் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அக்கா தொலைபேசியில், "படம் பாத்தியாட்டி?" என்று கேட்டாள். "பாத்தேன், நல்லா இருந்துச்சு" என்றேன். இரண்டு பேரும் அதோடு விட்டுவிட்டோம்.

இந்த வருடம் பிப்ரவரியில் மேசைப் பெண்கள் கைபேசியில் ஒரு மேடைப் பேட்டியைக் காட்டினார்கள். உங்கள் மனதில் இருக்கிற படம் ஒன்றை எடுக்கச் சொன்னால் யார் யாரைப் போடுவீர்கள் என்று அக்காவிடம் கேட்கிறார்கள். அக்கா நாற்காலியில் சாய்ந்துகொள்கிறாள். "தண்ணி தீர்ந்துபோன ஒரு காலம். ஒளிச்சு அழுதா தண்டனை" என்று தொடங்குகிறாள். இப்போது அங்கே நான்தான் சூப்பர்வைசர்; மேசையை நிறுத்தச் சொன்னேன். அதிபர் வேஷத்துக்குப் பெரிய நடிகர் ஒருவரைச் சொன்னாள். அவர் தாகத்தைக் கொடுத்தால்கூட மக்கள் கைதட்டி வாங்கிக்கொள்வார்கள் என்றாள், கூட்டம் சிரித்தது. தராசு பிடிப்பவருக்கு ஒருவர். சிறை அதிகாரிக்கு ஒருவர். கண்ணீர் எடுப்பவளுக்கு ஒரு நகைச்சுவை நடிகை, சிரித்துக்கொண்டே செய்தால்தான் கொடுமை தெரியும் என்றாள். "அந்த அழாத பொண்ணு?" என்றார் கேட்டவர். "அதை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். அது என்னோடது" என்றாள். எப்படித் தோன்றியது இந்தக் கதை என்றதற்கு, ஒரு நாள் காரில் வரும்போது வறண்ட கண்மாய் ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னாள்.

மார்ச் 10, ஞாயிறு காலை, அவளே கூப்பிட்டாள். "ஏட்டி, அந்த நோட்டு இருக்கா?"

"இருக்கு."

"எனக்குத் தெரியும், நீ ஒண்ணையும் தூரப் போடமாட்ட. செவ்வாக்கெழம அம்மாவைப் பாக்க வாரேன். டைரக்டரும் வாராரு. படம் நெசமாவே ஆரம்பிக்கப் போறோம். செத்த எடுத்துட்டு வாயேன்."

வருகிறேன் என்றேன். நோட்டைக் கொடுக்க வேண்டும், ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். கதை என்று போடும் இடத்தில் என் பெயர் வர வேண்டும். அண்ணாந்த முகத்தைப் பற்றிக் கேட்கப்போவதில்லை; அதற்குக் கையெழுத்து கிடையாது. நோட்டுக்கு இருக்கிறது. செவ்வாய் மாலை நாலே முக்காலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறியதிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எண்பத்திரண்டு வயது, காது மந்தம். அக்கா கோயிலில் போட்டுவிட்ட மாலையைக் கழற்றிச் சுவாமி படத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். டைரக்டர் நாற்பது வயதுக்குள் இருப்பார். எழுந்து வணக்கம் சொன்னார். நான் உறையைப் பிரித்து நோட்டைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் கைபேசியில் படம் எடுத்தார்.

"மேடம், அந்த வயசுலயே இவ்வளவு நீட்டா எழுதியிருக்கீங்களே. டைட்டில்ல இந்தக் கையெழுத்தையே காட்டலாம்" என்றார், அக்காவைப் பார்த்து.

அக்கா சிரித்தாள்.

பெரியம்மா நோட்டை எட்டி வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இது சின்னவ எழுத்துல்லா? இவளுக்கு எழுத்து கோழி கிண்டுன மாதிரில்லா இருக்கும்" என்றாள் அக்காவைக் காட்டி, காது கேளாதவர்களின் உரத்த குரலில்.

"ரெண்டு பேரும் சேந்துதாம்மா எழுதுனோம்" என்று அக்கா நோட்டை வாங்கிக்கொண்டாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். அவள் விரல் வரிசையில் இறங்கி, கண்ணீர் எடுப்பவள் என்ற இடத்தில் நின்றது. எதிரில் 'அக்கா' என்று இருந்ததை வாசித்தாள். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

"அதுக்குத்தான் காமெடி ஆர்ட்டிஸ்ட் பேசிட்டோமே மேடம்" என்றார் டைரக்டர்.

"ஆமா, ஆமா. இது சின்னப்பிள்ளைல சும்மா போட்டது" என்று அக்கா நோட்டை மூடினாள்.

அப்போதுதான் கேட்டேன். "கதைன்னு போடுத எடத்துல என் பேரு வருமாக்கா?"

டைரக்டர் தன் கைபேசியைப் பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை மெத்தென்று இருந்தது. "பேரு எதுக்குட்டி? நமக்குள்ள என்ன, ஒம்பேரு எம்பேருன்னு?" என்றாள். டைரக்டர், "நன்றி கார்டுல கண்டிப்பா போட்டுருவோம்மா, அதுல நெறைய பேர் வருவாங்க" என்றார். அவளுக்கு மேடம், எனக்கு அம்மா. நான் தலையாட்டினேன். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, அதற்குப் பதிலும் கிடைத்துவிட்டது.

பெரியம்மா காபி போடச் சொன்னாள். நான் போட்டுக் கொண்டுவந்தேன். டைரக்டர் டம்ளரை வாங்கிக்கொண்டு, "ஒரே ஒரு இடம் இடிக்குது மேடம். அவ ஏன் அழமாட்டேங்கறா? பாக்கறவங்க கேப்பாங்க. காரணம் வேணும்" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே பார்வை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"ஏட்டி, அன்னைக்கு நீ ஏன் மேல பாத்த? அந்தப் படத்துலயே நான் அது தெரியாமத்தான் நடிச்சேன்."

எடுத்துக்கொண்டதை அவள் தன் வாயால் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. காஸ் துணி, இரண்டு சொட்டு, மஞ்சள் வளையம், பலகையில் குத்திய குண்டூசி, வெள்ளை வேட்டி எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தன. சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அவளும் அதை என்னைவிட நன்றாக நின்று காட்டியிருப்பாள்.

"ஃபேன் கிறீச்சுன்னு சத்தம் போட்டுச்சு. அதான் பாத்தேன்" என்றேன்.

"ஆகா!" என்றார் டைரக்டர். "சாவு வீட்டுல ஃபேன் சத்தம். இதை யாரும் யோசிக்க மாட்டாங்க" என்று உடனே எழுதிக்கொண்டார்.

ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எல்லாப் பக்கமும் கைபேசியில் இருந்ததால் இனி அது அவர்களுக்குத் தேவையில்லை. அக்கா வாசல்வரை வந்தாள். தெருவில் இரண்டு பேர் அவளை அடையாளம் கண்டு நின்றார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்தபடியே என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு ஒங்க வீட்டு ஃபேனு ஓடவே இல்ல. கரண்ட் இல்லாம வேர்த்து ஊத்துச்சு. நீ நல்லா நடிக்கேட்டி." நான் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரேங்க்கா" என்றேன்.

இதை எழுதும்போது படம் தொடங்கவில்லை. அவர்கள் எடுத்து முடிக்குமுன் காரணத்தை நானே என் வார்த்தையில் எழுதி வைத்துவிட்டேன். டைரக்டர் இதை வாசிக்க நேர்ந்தால் மின்விசிறியை எடுத்துவிடலாம்.

மறுநாள் மார்ச் 13, புதன்கிழமை. ஏழு நாற்பதுக்குத் தொப்பி, வளையல் டப்பா, மேசை. முதல் ரோலில் பதினான்காவது மீட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது இரண்டு சொட்டு விழுந்தது. கழுத்து மேலே போகப் பார்த்தது, நான் விடவில்லை. விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் பரவி நிற்கிறவரை குனிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மேசையை நிறுத்தினேன். அந்த இடத்தை உள்ளங்கையளவு வெட்டி எடுத்தேன். பதிவேட்டில் 'கறை, இரண்டு. ஆய்வாளரால்' என்று எழுதினேன். அட்டை தேய்க்கும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் துணியைக் குத்துகிற வழக்கத்தை, நான் சூப்பர்வைசரான முதல் வாரத்தில் நானேதான் நிறுத்தியிருந்தேன். ஈரம் காயாத அந்தத் துண்டைக் கொண்டுபோய் அங்கே குண்டூசியால் குத்தினேன். அதன் அடியில், இனிஷியலோடு, என் பெயரை முழுதாக எழுதினேன்.